சுங்கச் சாவடிச் செலவு: 24 மணி நேரக் கணக்கு

சென்னையில் சரக்கு ஏற்றி மதுரைக்கு வரும் லாரி பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டி என்று எட்டுச் சாவடிகளில் பணம் கட்டியாக வேண்டும். திரும்பும்போது மறுபடியும் எட்டு. இந்தத் தொகை கடைசியில் வாடகையில் ஏறி நம் தலையில்தான் விழுகிறது. கட்டணத்தைக் குறை என்று கேட்பது சங்கத்தின் வேலை; அது நடக்கும்போது நடக்கட்டும். 2008-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளிலேயே உள்ள சலுகைகளை நம்மில் பலர் முழுமையாகப் பயன்படுத்துவதில்லை.

முதலாவது, திரும்பும் பயணச் சலுகை. ஒரு சாவடியைக் கடந்த வண்டி 24 மணி நேரத்துக்குள் அதே சாவடி வழியே திரும்பினால், இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை மடங்கு கட்டணமே. அதாவது திரும்பும்போது பாதிதான். இந்த 24 மணி நேரம் ஒவ்வொரு சாவடிக்கும் தனித்தனியாக ஓடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இரவு 8 மணிக்குப் பரனூரைத் தாண்டும் லாரி காலை 6 மணிக்குச் சிட்டம்பட்டி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சரக்கை உடனே இறக்கி, காலை 9.30-க்குத் திரும்பச் சிட்டம்பட்டியைக் கடந்தால் மாலை 7.30-க்குப் பரனூர். எட்டுச் சாவடியிலும் சலுகை உண்டு. அதே லாரி மதியம் 1 மணிக்குத்தான் சிட்டம்பட்டியைக் கடக்கிறது என்றால் பரனூருக்கு வரும்போது இரவு 11 ஆகிவிடும். 27 மணி நேரம், அங்கே முழுக் கட்டணம். தாமதம் கூடக் கூட, சென்னைப் பக்கத்துச் சாவடிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும்.

ஆக, இது லாரிக்காரர் கையில் மட்டும் உள்ள விஷயம் அல்ல. குடோன் சாவி வராமல், சுமைதூக்குவோர் வராமல் லாரி தெருவில் நிற்கும் நேரம் நம்முடையது. நகருக்குள் லாரி நுழைய நேரக் கட்டுப்பாடு உள்ள ஊர்களில் இன்னும் முன்யோசனை வேண்டும். சொன்ன நேரத்தில் இறக்கித் தருகிறேன், சலுகையில் பாதியை வாடகையில் கழியுங்கள் என்று பேசிப் பார்க்கலாம். நியாயமான பேச்சுதான்!

அடுத்தது மாதாந்திரப் பாஸ். குறிப்பிட்ட ஒரு சாவடியை ஒரே வண்டி மாதத்தில் 50 முறை கடக்க, 50 ஒற்றைக் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கு கட்டினால் போதும். சுமார் 33 கட்டணம். ஆனால் 24 மணி நேரத்துக்குள் திரும்பும் வண்டிக்கு ஒரு போக்குவரத்து ஒன்றரைக் கட்டணம்தானே? அப்படியானால் மாதம் 23 முறை போய் வந்தால்தான் பாஸ் லாபம். 20 நடை ஓடுகிறவர் பாஸ் வாங்கினால் நஷ்டம்.

சாவடி உள்ள மாவட்டத்திலேயே பதிவான சரக்கு வண்டிக்குப் பாதிக் கட்டணம் என்றும் விதி இருக்கிறது. தேசிய பர்மிட் வண்டிக்கு இது கிடையாது. அந்த இடத்தில் சர்வீஸ் ரோடோ மாற்றுப் பாதையோ இருந்தாலும் கிடையாது. உள்ளூர் விநியோகம் செய்வோர் ஆர்.சி. புத்தகத்துடன் சாவடி அலுவலகத்தில் கேட்கலாம். 2025-இல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஆண்டுப் பாஸைச் சிலர் விசாரிக்கிறார்கள். அது சொந்தக் கார், ஜீப், வேனுக்கு மட்டுமே.

பாஸ்டேக் விஷயத்தில் பணம் சத்தமில்லாமல் போகிறது. டாடா ஏஸ் போன்ற சிறு வண்டிக்குக் கார் கட்டணம்தான். டேக்கில் வகை தவறாகப் பதிவாகியிருந்தால் ஒவ்வொரு முறையும் கூடுதலாகப் பிடிப்பார்கள். வாரம் ஒரு முறை கணக்கைப் பார்த்து, தவறு இருந்தால் டேக் கொடுத்த வங்கியிடம் புகார் செய்ய வேண்டும். 1033 என்ற எண்ணிலும் சொல்லலாம். இருப்பு தீர்ந்து டேக் முடங்கினால் ரொக்கத்துக்கு இரட்டிப்பு என்று 2025-இல் விதி இருந்தது. 2025 நவம்பர் 15 முதல் யு.பி.ஐ.யில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு என்று தளர்த்தினார்கள். டேக் சரியாக இருந்து, பணமும் இருந்து, சாவடிக் கருவி பழுது என்றால் கட்டணமின்றி விட வேண்டும் என்று 2018-இலேயே விதி வந்துவிட்டது. டிரைவருக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

சாவடியைச் சுற்றிக்கொண்டு போவது பற்றி ஒரு வார்த்தை. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் லாரி 20 கிலோமீட்டர் சுற்றினால் 5 லிட்டர் டீசல். லிட்டர் 90 ரூபாய் என்றாலும் 450 ரூபாய். டயர் தேய்மானமும் போகும் நேரமும் தனி. அந்தச் சாவடியின் கட்டணத்தை இதனுடன் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு வண்டியைத் திருப்பலாம்.