ஆர்.கே. நகரில் ஓட்டு கேட்ட முன்னாள் துணைவேந்தர்... யார் இந்த வசந்தி தேவி?

2016 சட்டமன்றத் தேர்தல் ஞாபகம் இருக்கா? தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைக்காரங்க மறந்திருக்க மாட்டீங்க. அப்போதைய முதல்வர் ஜெயலலிதா ஆர்.கே. நகரில் நின்ன தேர்தல் அது. அவரை எதிர்த்து, விடுதலைச் சிறுத்தைகள் கட்சி சார்பா 77 வயசுல ஒரு அம்மா களத்துல இறங்கினாங்க. அவங்கதான் முனைவர் வே. வசந்தி தேவி.

ரிசல்ட்? நாலாயிரத்துச் சொச்சம் ஓட்டு, மூணாவது இடம். அதோட அவங்களை மறந்துட்டோம்னா நஷ்டம் நமக்குத்தான்.

1938-ல் திண்டுக்கல்லில் பிறந்தவர். தாத்தா சக்கரைச் செட்டியார் தொழிற்சங்கத் தலைவர், சென்னை மேயரா இருந்தவர். பேத்தி போனது வகுப்பறைக்கு. அரசுக் கல்லூரிப் பேராசிரியர், கும்பகோணம் அரசு மகளிர் கல்லூரி முதல்வர்னு படிப்படியா வந்து, 1992-ல் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனார். அப்போ அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வயசு ரெண்டுதான்.

துணைவேந்தர்னா ஏதோ 'துணை'ப் பதவினு நினைச்சுடாதீங்க. வேந்தர் கவர்னர்தான். ஆனா பாடத்திட்டம், தேர்வு, பட்டம்னு அன்றாட நிர்வாகம் முழுக்க துணைவேந்தர் தலையிலதான். அதை இரண்டு முறை, 1998 வரை சுமந்தார். அப்புறம் 2002-ல் இருந்து 2005 வரை மாநில மகளிர் ஆணையத் தலைவர். அதுவும் ஜெயலலிதா ஆட்சியிலதான்!

இதுக்கு மேல வேற ஒருத்தரா இருந்தா ரெஸ்ட் எடுத்திருப்பாங்க. இவர் ஸ்கூல் பக்கம் திரும்பினார். மனித உரிமைக் கல்வி நிறுவனத்தின் தலைவரா இருந்தார். அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் மனித உரிமைப் பாடம் நடத்த வைக்கிற திட்டம் அது. பி.எட் படிக்கிறவங்க கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க... கையில பிரம்பை வெச்சுக்கிட்டு, 'குழந்தைக்கும் உரிமை இருக்கு'னு பாடம் எடுக்க முடியுமா? முதல்ல மாற வேண்டியது டீச்சர்தானே!

அவர் கடைசிவரை விடாமப் பேசினது பொதுப்பள்ளி பற்றி. பணக்காரர் வீட்டுப் பிள்ளையும் துறைமுகத்துல மூட்டை தூக்குறவர் பிள்ளையும் பக்கத்துல இருக்கிற ஒரே ஸ்கூலுக்குப் போகணும். புது யோசனை இல்லைங்க, 1966-லயே கோத்தாரி கமிஷன் சொன்னதுதான். அது வரும்போது வரட்டும், கையில இருக்கிற சட்டத்தையாவது பயன்படுத்துவோம்னு அவர் பிடிச்சுக்கிட்டது பள்ளி மேலாண்மைக் குழுவை.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி எல்லாத்துலயும் இந்தக் குழு இருக்கணும். முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்துல பாதிப் பேர் பெண்கள். ஸ்கூலுக்கு வர்ற நிதி எப்படிச் செலவாகுதுனு கண்காணிக்கலாம். பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுறதும் இவங்கதான். எண்ணூர்ல மீன் விக்கிற அம்மாவுக்கும், 'பாத்ரூம்ல ஏன் தண்ணி வரல?'னு ஹெச்.எம்-கிட்ட கேட்கச் சட்டமே இடம் கொடுத்திருக்கு. ஆனா பல ஊர்ல இந்தக் குழு கையெழுத்து வாங்குற நோட்டோட முடிஞ்சுபோகுது. இதை மாத்தணும்னுதான் பள்ளிக் கல்விப் பாதுகாப்பு இயக்கத்தோட சேர்ந்து வேலை செஞ்சார்.

2025 ஆகஸ்ட் 1-ம் தேதி சென்னையில் காலமானார்.

ஒரு விஷயம். 2024-ல் இந்தக் குழுக்களைத் திருத்தி அமைச்சப்போ, முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்திருக்காங்க. ராயபுரமோ திருவொற்றியூரோ, நீங்க படிச்ச அரசுப் பள்ளிக்கு ஒரு நடை போய், அடுத்த கூட்டம் என்னைக்குனு கேட்டுட்டு வாங்க.