வீட்டில் வாகன எரிபொருள் சேமிப்பு

பெட்ரோல், டீசல் ஆகியவற்றை வீட்டில் வைத்திருப்பதற்கான வரம்புகளை இந்தியாவில் 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம் வகுத்துள்ளது. இச்சட்டத்தின்கீழ் இயற்றப்பட்ட பெட்ரோலிய விதிகள் 2002ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. இவற்றைச் செயல்படுத்தும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமையகம் நாக்பூரில் உள்ளது.

வகைகளும் வரம்புகளும்

ஒரு திரவத்தின் ஆவி, நெருப்புப் பொறி பட்டால் பற்றிக்கொள்ளத் தொடங்கும் குறைந்தபட்ச வெப்பநிலை தீப்பற்றுநிலை எனப்படும். இது 23°C-க்குக் கீழ் உள்ளவை 'ஏ' வகுப்பு. 23°C முதல் 65°C-க்குக் கீழ் வரை உள்ளவை 'பி' வகுப்பு. பெட்ரோலின் தீப்பற்றுநிலை ஏறத்தாழ –40°C. எனவே அது 'ஏ' வகுப்பு. டீசலும் மண்ணெண்ணெயும் 'பி' வகுப்பில் அடங்கும்.

விற்பனைக்காக அல்லாமல் ஒருவர் 30 லிட்டர் வரை பெட்ரோலை உரிமமின்றி வைத்திருக்கலாம். கலம் கண்ணாடி, பீங்கான், உலோகம் இவற்றுள் ஒன்றால் ஆனதாக, இறுக மூடியதாக இருக்க வேண்டும். கண்ணாடி, பீங்கான் கலங்கள் ஒரு லிட்டருக்கும், உலோகக் கலம் 25 லிட்டருக்கும் மிகக் கூடாது. பலரும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இந்தப் பட்டியலிலேயே இல்லை என்பது கவனிக்கத்தக்கது. பெட்டிக்கடைகளில் பாட்டிலில் பெட்ரோல் விற்பதற்கும் இந்த விலக்கு பொருந்தாது, அது விற்பனை. வாகனத்தின் தொட்டியில் இருக்கும் எரிபொருளுக்குச் சட்டத்தில் தனி விலக்கு உண்டு.

டீசலுக்கான வரம்பு மிகவும் தாராளமானது. ஒரே இடத்தில் 2,500 லிட்டர் வரை, எந்தக் கலமும் 1,000 லிட்டருக்கு மிகாமல் வைக்கலாம். ஆயினும் இந்தியத் தர நிர்ணயப்படி டீசலின் தீப்பற்றுநிலை குறைந்தது 35°C இருந்தால் போதும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையின் உட்புற வெப்பம் இதை எளிதில் தாண்டிவிடும். 'டீசல்தானே' என்ற அலட்சியம் அங்கே பொருந்தாது.

ஆபத்து எப்படி ஏற்படுகிறது

பெட்ரோலில் எரிவது அதன் ஆவியே. அது காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. ஆதலால் மேலே கலைந்து போகாமல் தரையோடு படர்ந்து, அடுத்த அறையின் பூசை விளக்கையோ அடுப்பையோ எட்டும். தீ அங்கிருந்து கலத்துக்குத் திரும்பி ஓடிவரும். காற்றில் ஏறத்தாழ 1.4 விழுக்காடு ஆவி கலந்திருந்தாலே பற்றும். மின்விசைப் பொத்தானில் எழும் பொறி அதற்குப் போதும்.

சட்டம் அனுமதிக்கும் 30 லிட்டர் உச்சவரம்பேயன்றி, பரிந்துரை அன்று. அடுக்குமாடி வீட்டின் படிக்கட்டின் கீழ் 5 லிட்டர் வைப்பதும் தவறே. தீப்பிடித்தால் மேலே இருப்பவர்கள் இறங்கும் வழி அடைபடும்.

வைக்கும் முறை

வீட்டைவிட்டு விலகிய, நிழலான, காற்றோட்டமுள்ள இடமே ஏற்றது. வெப்பத்தில் பெட்ரோல் விரிவடையும் என்பதால் கலத்தை விளிம்புவரை நிரப்பக் கூடாது. நிரப்பும்போது கலம் தரையில் இருக்க வேண்டும். வண்டி இருக்கையில் வைத்து நிரப்பினால் நிலைமின் பொறி எழக்கூடும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்ப்பதால், மாதக்கணக்கில் வைத்தால் கெடும்.

பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் அதன்மேல் மிதந்து தீயைப் பரப்பும். சிறு தீக்கு மணல் அல்லது உலர்தூள் தீயணைப்பான் பயன்படுத்தலாம். பெரிதானால் வெளியேறி 101 அல்லது 112 எண்ணை அழைக்க வேண்டும். குழாயை வாயால் உறிஞ்சி எடுக்கும் வழக்கத்தாலும், குளிர்பானப் பாட்டில் என்று குழந்தைகள் குடித்துவிடுவதாலும் பெட்ரோல் வயிற்றுக்குள் செல்வதுண்டு. அப்போது வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. திரவம் நுரையீரலுக்குள் புகுந்துவிடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.