ஆட்டமும் ஆரவாரமும் – 9: தோள் கொடுக்க ஆளில்லாத களம்

சென்ற வாரம் கால்பந்து மைதானங்களில் கூட்டம் ஒன்றாகப் பாடுவதைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரம் அதே கால்பந்தையும் டென்னிஸையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். பெரிய ஆட்டம் வந்தால் மட்டும் டி.வி. முன் உட்காரும் என்னைப் போன்ற ரசிகருக்கு இரண்டில் எது அதிகம் தருகிறது?

சட்டென்று கேட்டால் கால்பந்து என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆஃப்சைடு தவிர விளக்கம் கேட்க அதில் எதுவும் இல்லை. கோல் அரிதாக விழுவதும் ஒரு காரணம். 2022 கத்தார் உலகக் கோப்பையின் 64 ஆட்டங்களில் மொத்தம் 172 கோல்கள். அதுவரை எந்த உலகக் கோப்பையிலும் அத்தனை விழுந்ததில்லை. அப்படியும் ஆட்டத்துக்கு மூன்று தேறவில்லை. காத்துக் காத்துக் கிடைப்பதால்தான் ஒவ்வொரு கோலுக்கும் தொண்டை கிழியக் கத்துகிறோம்.

ஆனால் கால்பந்தில் என்னை அதிகம் ஈர்ப்பது வேறொன்று. அதே கோப்பையின் இறுதி ஆட்டம், டிசம்பர் 18, லுசைல் மைதானம். அர்ஜென்டினா 2-0 என்று முன்னிலையில் இருக்கிறது. இன்னும் பத்தே நிமிடம். எதிரணியான பிரான்சின் எம்பாப்பே இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு கோல் போட்டுச் சமன் செய்கிறார். கூடுதல் நேரத்தில் மெஸ்ஸி மீண்டும் அர்ஜென்டினாவை முன்னே கொண்டுவருகிறார். அப்போது மாற்று வீரராக இறங்கியிருந்த மோன்டியெலின் கையில் பந்து பட, பிரான்சுக்குப் பெனால்டி. 3-3. கோப்பையே கைநழுவியிருக்கலாம். கடைசி நொடிகளில் கோலோ முவானியின் உதையைக் கோல்கீப்பர் மார்டினெஸ் காலை நீட்டித் தடுத்தார். பெனால்டி உதைகளில் வெற்றிக் கோலை அடித்தவர் யார் தெரியுமா? அதே மோன்டியெல். ஒருவர் தவறினால் இன்னொருவர் தாங்குகிறார். தவறியவருக்கும் மறுவாய்ப்பு வருகிறது. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

டென்னிஸில் அந்தத் தோள் கிடையாது.

2019 ஜூலை 14, விம்பிள்டன் இறுதி ஆட்டம். 38 வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஃபெடரர், ஐந்தாவது செட்டில் 8-7, 40-15. சர்வ் அவர் கையில். இரண்டு வாய்ப்புகளில் ஒரு புள்ளி எடுத்தால் பட்டம். முதல் வாய்ப்பில் அவருடைய ஃபோர்ஹேண்ட் வெளியே போனது. இரண்டாவதில் வலையை நோக்கி முன்னேறினார். எதிரே ஆடிய ஜோகோவிச் குறுக்கே அடித்த பந்து அவரைக் கடந்து போய்விட்டது. கால்பந்தாக இருந்தால் பந்தை மூலைக்குத் தள்ளி, நேரத்தை ஓட்டி, நடுவரின் விசிலுக்குக் காத்திருக்கலாம். இங்கே விசில் இல்லை. கடைசிப் புள்ளியை நீங்களேதான் எடுக்க வேண்டும். உங்களுக்குப் பதிலாக ஆட யாரும் வரமாட்டார்கள். ஆட்டத்துக்கு நடுவில் பயிற்சியாளர் யோசனை சொல்லக்கூட அன்றைய விதி இடம் தரவில்லை.

4 மணி 57 நிமிடம் நடந்த அந்த ஆட்டத்தில் ஃபெடரர் எடுத்த புள்ளிகள் 218, ஜோகோவிச் எடுத்தவை 204. வென்றவர் ஜோகோவிச். மூன்று செட்கள் சமநிலையில் நின்று டை-பிரேக்குக்குப் போயின, மூன்றையும் அவரே எடுத்தார். புதியவர்களை விரட்டும் அந்த 15, 30, 40 கணக்கின் ருசி இதுதான்: எல்லாப் புள்ளிக்கும் ஒரே எடை கிடையாது. எடை கூடிய புள்ளியில் கை நடுங்காதவருக்கே ஆட்டம். கால்பந்திலும் ஆதிக்கம் செலுத்தியவர்கள் தோற்பதுண்டு. கத்தாரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாஸ்கள் கொடுத்த ஸ்பெயின், மொராக்கோவிடம் பெனால்டியில் வீழ்ந்தது. ஆனால் அந்தத் தோல்வியைச் சுமக்க ஒரு அணியே இருந்தது. ஃபெடரர் தனியாகச் சுமந்தார். அதற்குப் பிறகு எந்த கிராண்ட்ஸ்லாம் இறுதியிலும் அவர் ஆடவில்லை.

நாலு பேர் கூடியிருந்தால் கால்பந்துதான். அந்தக் கொண்டாட்டத்துக்கு ஈடு இல்லை. தனியாக உட்கார்ந்து ஒரு மனிதரின் நெஞ்சுரத்தை நேருக்கு நேர் பார்க்க வேண்டுமானால் டென்னிஸ். ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் டென்னிஸைத்தான் எடுப்பேன்.

புள்ளிக் கணக்கு புரியவில்லை என்று சேனலை மாற்றிவிடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விம்பிள்டனில் ஒரே ஒரு ஐந்தாவது செட்டை முழுதாகப் பாருங்கள். ஸ்கோர் 30-40 ஆகி, முதல் சர்வ் வலையில் விழுந்தால், இரண்டாவது சர்வுக்கு நிற்பவரின் முகத்தைக் கவனியுங்கள்.

(தொடரும்)