செஞ்சிக் கோட்டையைக் கம்ப்யூட்டர் வரையுமா?

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை சாலையில் சென்றவர்கள் செஞ்சிக் கோட்டையைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. கேட்டதை வரைந்து தரும் ஏஐ புரோகிராமில் "செஞ்சிக் கோட்டை" என்று டைப் செய்து பாருங்கள். ராஜகிரி மலைக்குப் பதில் ராஜஸ்தான் கோட்டை போன்ற ஒன்று வந்து நிற்கலாம். உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறு எதுவும் இல்லை. அந்த புரோகிராம் பெற்ற பயிற்சியில்தான் குறை.

பழைய டிவியில் ஆன்டெனா திரும்பிக் கொண்டால் திரை முழுக்கப் புள்ளிகள் ஓடுமே, நினைவிருக்கிறதா? ஒரு நல்ல போட்டோவின் மேல் அப்படிப் புள்ளிகளைத் தூவி, "எவை நான் தூவியவை, கண்டுபிடி" என்று புரோகிராமைக் கேட்பார்கள். கோடிக்கணக்கான படங்களில் இதைச் செய்த பின், வெறும் புள்ளிகளிலிருந்தே புதுப் படம் எடுக்க அது கற்றுக் கொள்கிறது. இதன் பெயர் டிப்யூஷன். 2020ல் ஜோனதன் ஹோ, அஜய் ஜெயின், பீட்டர் அபீல் ஆகிய மூவரும் இதில் தரமான படங்கள் வரும் என்று காட்டினர்.

வேலை மிக அதிகம். 512க்கு 512 பிக்சல் கலர் படத்தில் 7,86,432 எண்கள் உள்ளன. 2022ல் வந்த ஸ்டேபிள் டிப்யூஷன் இதை 16,384 எண்களாகச் சுருக்கிக் கொண்டு பயிற்சி செய்தது. 48ல் ஒரு பங்கு!

ஆனால் செஞ்சிக்கு இதனால் பயனில்லை. படத்துடன் இருக்கும் வரிதான் முக்கியம். கோட்டையை எடுத்தவர் "எங்கள் டூர்" என்று எழுதி இன்டர்நெட்டில் போட்டால், புரோகிராமுக்கு எப்படித் தெரியும்? ஓபன் ஏஐ நிறுவனம் 2023ல் டால்-ஈ 3க்குச் செய்தது இதைத்தான். படத்தைப் பார்த்து நீண்ட வர்ணனை எழுதும் இன்னொரு புரோகிராமைத் தயாரித்து, பயிற்சிக்கான வரிகளில் 95 சதவீதத்தை அதையே எழுத வைத்தனர். கேட்டதைக் கேட்டபடி வரைவது நன்கு கூடியது. என் கணிப்பில், படங்களைக் குவிப்பதை விட இது கெட்டிக்கார வேலை. எனினும் ஊர்ப் பெயரை அறியாத புரோகிராம் "மலை மேல் பழைய கோட்டை" என்றுதானே எழுதும்? பெயரை நாம்தான் சொல்ல வேண்டும்.

படத்தைச் சதுரமாக வெட்டிப் பயிற்சி தருவதிலும் வில்லங்கம் உண்டு. விழுப்புரத்துக் காகிதக்கூழ் பிள்ளையாரை வெட்டினால் கிரீடம் போய்விடும். பிறகு கிரீடம் இல்லாமலே வரையும். எங்கே வெட்டினோம் என்பதையும் சேர்த்துச் சொல்லி 2023ல் எஸ்.டி.எக்ஸ்.எல். இதைச் சமாளித்தது.

வீட்டிலேயே செஞ்சியைக் கற்றுத் தரலாமா? 8 ஜிபி மெமரி உள்ள கிராபிக்ஸ் கார்டு இருந்தால், ஸ்டேபிள் டிப்யூஷனுக்கு லோரா என்ற முறையில் முயலலாம். இருபது போட்டோக்கள் போதும். senji01 என்ற படத்துக்கு அதே பெயரில் ஒரு டெக்ஸ்ட் பைல் வைத்து, கல்யாண மகால், பின்னால் மலை, மாலை வெயில் என்று தெரிவதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதுங்கள். அந்த புரோகிராமுக்குத் தமிழ் சரியாகப் புரியாது. எல்லாப் படங்களும் ஒரே கோணத்தில் இருந்தால் எப்போதும் அதே கோணமே வரும். மேகமூட்டத்தில் எடுத்தவற்றையும் சேருங்கள். மலையேறிப் படமெடுப்பதானால் காலையிலேயே போய்விடுங்கள். மதியம் பாறை சுடும்.