பந்து இல்லாத ஆட்டம்: சடுகுடுவில் முடிவெடுப்பது யார்?

எதிரியின் வெளிக்குள் ஊடுருவும் ஆட்டங்கள் என்றால் விளையாட்டுக் கோட்பாட்டாளர்கள் கால்பந்தையும் ஹாக்கியையும் வைத்தே பேசுகிறார்கள்: வெளியை உண்டாக்கு, வெளியை மூடு, பந்தைத் தக்கவை. தாமல் ஏரிப் பக்கம் நான் பார்க்கிற சடுகுடுவில் பந்தே கிடையாது. பாடிப் போகிறவனின் உடல்தான் பந்து. மூச்சு உள்ளவரை, போட்டி விதிப்படி 30 விநாடி, அது அவன் அணியின் கையில்.

13க்கு 10 மீட்டர் களம். ஏழு பேருக்கு எதிராக ஒருவன். பார்வைக்கு அவன்தான் தாக்குகிறவன். ஆனால் உள்ளே போகப்போக நடுக்கோடு தூரமாகிறது. ஆகவே பிடிக்கிறவர்களின் முதல் தந்திரம் பின்வாங்குவது. "உள்ள வுடு, உள்ள வுடு" என்று ஓரத்தில் நின்று கத்துகிறவன் சொல்வது இதைத்தான். இடத்தை விட்டுக்கொடுத்து ஆளைப் பிடிப்பது. (இயக்கத் தோழர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.)

எப்போது பாய்வது? தலைவன் சொல்ல நேரமில்லை. மூலைக்காரனும் பக்கத்தவனும் கை கோத்திருக்கிறார்கள். முடிவு அந்தக் கைகளின் வழியே போகிறது. தனியே பாய்கிறவன் பெரும்பாலும் தொடப்பட்டு வெளியேறுகிறான். தொட்டால் தீட்டு என்று பழகிய சமூகத்தில், ஊரும் சேரியும் கை கோக்காத அணி எப்படிச் சங்கிலி போடும்?

2014இல் தொடங்கிய புரோ கபடியில், மூவரோ அதற்கும் குறைவாகவோ நின்று பிடித்தால் இரண்டு புள்ளி. எனவே ஆள் குறைந்த அணியிடம் போகிறவனுக்கும் தயக்கம். வெறுங்கையோடு திரும்பலாம், ஆனால் தொடர்ந்து மூன்றாவது முறையும் அப்படி வந்தால் அவனே அவுட். தொலைக்காட்சிக்காரனுக்குக் காத்திருக்கத் தெரியாது. நம்மூரில் மூச்சு தீருமட்டும் கோட்டோரம் பாடியே எதிரணியை அசைத்துப் பார்த்தவர்கள் இருந்தார்கள்.