தோள்பட்டையில் ஏறும் திறன்கள்: பாத்ஃபைண்டர் கழகத்தின் ‘ஹானர்’ விருதுகள்

ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் திருச்சபை 10 முதல் 15 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியருக்காக நடத்தும் பாத்ஃபைண்டர் கழகத்தில், வேதபாடத்தோடு கயிற்றில் முடிச்சுப் போடுவதும் ரொட்டி சுடுவதும் விண்மீன்களை இனங்காண்பதும் கற்றுத்தரப்படுகின்றன. இத்தகைய துறை ஒன்றில் வகுக்கப்பட்ட தேவைகள் அனைத்தையும் நிறைவுசெய்யும் உறுப்பினருக்கு ‘ஹானர்’ எனப்படும் திறன் விருது கிடைக்கிறது. அதன் அடையாளமான சிறிய துணிச்சின்னத்தை, தோளிலிருந்து இடுப்புவரை குறுக்காக அணியும் பட்டையில் தைத்துக்கொள்கின்றனர். சின்னத்தின் பின்னணி நிறம் துறையைக் காட்டும்: இயற்கை ஆய்வுக்கு வெள்ளை, விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் பச்சை.

அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட இத்திருச்சபை 1907இல் இளைஞருக்கெனத் தனித்துறை கண்டது. 1922இல் சிறாருக்கான படிநிலை வகுப்புகளும், 1928இல் முதல் 16 ஹானர்களும் வந்தன. பாத்ஃபைண்டர் கழகம் திருச்சபையின் அதிகாரபூர்வ அமைப்பாக ஏற்கப்பட்டது 1950இல்தான் என்பதால், கழகத்தைவிட விருதுக்கே வயது அதிகம். சாரணர் இயக்கத்தின் தகுதிச் சின்னங்கள் அதற்கு முன்பே அமெரிக்காவில் பரவியிருந்தமையால், இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை வியப்புக்குரியதன்று. இன்று ஹானர்களின் எண்ணிக்கை பல நூறு.

விருதின் தன்மையை அறியப் பறவைகள் ஹானர் ஒன்றே போதும். அதற்கு முயலும் சிறார், திறந்தவெளியில் தாமே கண்டு உறுதிசெய்த காட்டுப்பறவை இனங்களைப் பட்டியலிட வேண்டும். ஒவ்வொன்றையும் எந்த நாளில், எந்த இடத்தில், எத்தகைய வாழிடத்தில் கண்டனர் என்பதையும், அது ஆண்டு முழுவதும் அங்கேயே வாழ்வதா, பருவந்தோறும் வலசை வருவதா என்பதையும் குறிக்க வேண்டும். குரலைக் கொண்டே இனங்கண்ட பறவைகளுக்குத் தனிப்பட்டியல் உண்டு. படத்தைப் பார்த்துப் பெயரை ஒப்பிப்பது இங்கே செல்லாது. விடியற்காலையில் எழுந்து வெளியே செல்லாமல் இப்பட்டியல் நிரம்பாது. முடிச்சு ஹானரிலும் முடிச்சுகளைப் போட்டுக்காட்டுவதோடு, எந்த முடிச்சு எதற்குப் பயன்படும் என்பதையும் கயிற்றைப் பேணும் முறையையும் சொல்லத் தெரிய வேண்டும்.

வழிபாட்டுக்கென உள்ள ஓர் அமைப்பு பறவைகளில் இவ்வளவு கருத்துச் செலுத்துவதற்கு இறையியல் காரணமும் உண்டு. படைப்பையும் இறைவனை அறிவிக்கும் நூலாகவே அட்வென்டிஸ்டுகள் கருதுகின்றனர். சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கடைப்பிடிக்கும் அவர்கள் அன்று தொழிலை விலக்கினாலும், இயற்கையினூடே உலவுவதை அந்நாளுக்கு உகந்ததாகவே கொள்கின்றனர்.

இம்முறையில் முதலிடம், இரண்டாமிடம் என்ற வரிசை இல்லை. தேவைகளை நிறைவுசெய்த எவருக்கும் ஒரே சின்னம்தான். மதிப்பெண்ணுக்காகச் சக மாணவரோடு போட்டியிட்டே பழகிய பிள்ளைகளுக்கு இது பெரும் விடுதலை. ஆனால் இதிலேயே ஒரு பலவீனமும் ஒளிந்திருக்கிறது. சில ஹானர்களை முகாமில் ஓரிரு மணி நேரத்திலேயே முடித்துவிடலாம், சிலவற்றுக்கு மாதங்கள் தேவைப்படும். தைத்த பின்னரோ பட்டையில் இரண்டும் ஒரே அளவில்தான் தெரியும். சின்னங்களை எண்ணிப் பார்க்கும் ஆசை பிள்ளைகளைவிடப் பெற்றோரை விரைவில் பற்றிக்கொள்ளக்கூடும். ஆகவே விருதின் மதிப்பு சோதிப்பவரின் கண்டிப்பைப் பொறுத்தது. அரைகுறையாகக் கற்றவருக்குச் சின்னத்தை மறுக்கத் துணியும் ஆசிரியர் இருக்கும் கழகத்தில்தான் அதற்குப் பொருள் உண்டு.