குமட்டல் உள்ளவர்களுக்குக் கப்பலில் எந்த அறை?

சொகுசுக் கப்பலில் அறை பதிவு செய்யப் போகிறவர், தமக்குப் பயணத்தில் தலைசுற்றி வாந்தி வரும் என்று சொன்னால் உடனே கிடைக்கும் யோசனை ஒன்று உண்டு: கீழ்த்தளமாக, நடுவில், ஜன்னல் வைத்த அறையாகப் பார்த்து எடுங்கள். யோசனை தவறில்லை. ஆனால் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால் எது முதன்மை என்பது மறைந்துபோகிறது. மூன்றும் சேர்ந்து அமையும் அறைகள் சொற்பம். பெரும்பாலும் ஒன்றை விட்டுத்தான் இன்னொன்றைப் பெற வேண்டியிருக்கும். அப்படி ஒரு நிலை வந்தால் ஜன்னலை விடலாம், கீழ்த்தளத்தைக்கூட விடலாம். கப்பலின் நீளவாக்கில் நடு என்பதை மட்டும் விடக்கூடாது. முன்முனையில் உயரத்தில், கடலைப் பார்த்தபடி இருக்கும் அறைகளுக்குக் கூடுதல் காசு கொடுக்கப் பலரும் தயாராக இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. குமட்டல் உள்ளவருக்கு அதைவிட மோசமான இடம் கப்பலில் இல்லை.

குமட்டலின் வேர் வயிற்றில் இல்லை, உள்காதில் இருக்கிறது. தலை திரும்புவதை அங்குள்ள அரைவட்டக் குழாய்கள் உணர்கின்றன. மேலும் கீழும், முன்னும் பின்னும் நகர்வதை மெல்லிய கூழ்ப்படலத்தில் பதிந்திருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் உணர்த்துகின்றன. இந்த உறுப்பு இரு காதிலும் முழுமையாகச் செயலிழந்தவர்களுக்குக் கடல் எவ்வளவு கொந்தளித்தாலும் குமட்டுவதில்லை. அது சொல்லும் செய்தியும், கண்ணும் தசைகளும் சொல்லும் செய்தியும், மூளை பழக்கத்தால் எதிர்பார்ப்பதும் ஒத்துப்போகாதபோது குமட்டல் எழுகிறது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். எல்லா அசைவும் ஒரே அளவில் இந்தக் குழப்பத்தை உண்டாக்குவதில்லை. அமெரிக்காவில் ஓஹான்லன், மெக்காலி என்ற இருவர் தன்னார்வலர்களை ஓர் அறையில் உட்கார வைத்து, அந்த அறையைப் பல வேகங்களில் ஏற்றி இறக்கிச் சோதித்து, 1974-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒருமுறை ஏறி இறங்க ஐந்தாறு வினாடி எடுக்கும் அசைவே மிக அதிகமானவர்களை வாந்தி எடுக்க வைத்தது. அதைவிட மிக வேகமான குலுக்கலும் மிக மெதுவான ஏற்ற இறக்கமும் அந்த அளவுக்குப் படுத்தவில்லை. அடுத்து நடந்த சோதனைகளில் ஏற்ற இறக்கத்தோடு சாய்வையும் சேர்த்துப் பார்த்தார்கள்; பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பின்னர் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாதரும் கிரிஃபினும் கடல் கடக்கும் கப்பல்களில் சுமார் 20,000 பயணிகளிடம் விசாரித்து, கப்பலின் அசைவையும் அளந்தபோது, வாந்தியோடு நெருங்கிய தொடர்பு காட்டியது இந்த மேல்-கீழ் முடுக்கமே.

அப்படியானால் அறை தேடுகிறவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கப்பலில் எந்த இடம் மிகக் குறைவாக ஏறி இறங்குகிறது? 2022 ஜூனில் சென்னையிலிருந்து சுற்றுலாப் பயணம் தொடங்கிய எம்ப்ரஸ் கப்பலையே எடுத்துக்கொள்ளலாம். நீளம் சுமார் 210 மீட்டர். எதிரே வரும் அலையில் முனை ஒரே ஒரு பாகை தூக்கினால், நடுவிலிருந்து 80 மீட்டர் தள்ளி, முன்முனையான அணியத்தில் இருக்கும் அறை 1.4 மீட்டர் உயர்ந்து, பிறகு அதே அளவு தாழும். நடுவிலிருந்து 10 மீட்டரில் உள்ள அறைக்கு இந்த ஏற்றம் 17 சென்டிமீட்டர்தான். மலைப்பாதையில் பேருந்தின் கடைசி இருக்கை தூக்கிப் போடுகிறதே, அதே கணக்கு. இனி உயரத்தைப் பார்ப்போம். கப்பல் பக்கவாட்டில் 3 பாகை உருண்டால், உருளும் அச்சிலிருந்து 20 மீட்டர் மேலே உள்ள அறை சுமார் ஒரு மீட்டர் பக்கமாக நகரும். கேட்க அதிகம்தான். ஆனால் பெரிய கப்பல்கள் ஒருமுறை உருண்டு நிமிரப் பதினைந்து வினாடிக்கு மேல் ஆகும். முனை ஏறி இறங்க ஏழெட்டு வினாடி போதும். நேரம் நீள நீள முடுக்கம் வெகுவாகக் குறைவதால், உயரத்தால் கூடும் முடுக்கம் அணியத்து அறையின் முடுக்கத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு வந்துவிடுகிறது, அதுவும் பக்கவாட்டில். எனவே அணியத்தில் கீழ்த்தள அறையா, நடுவில் மேல்தள அறையா என்றால், தயங்காமல் இரண்டாவதை எடுக்கலாம்.

கப்பல்களில் இப்போது ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்பார்கள். நீருக்கடியில் இருபுறமும் நீண்டிருக்கும் அந்தத் துடுப்புகள் உருளலை நன்றாகவே அடக்குகின்றன. முனை ஏறி இறங்குவதை அவை தடுப்பதில்லை. அதாவது நம்மை அதிகம் படுத்தும் அசைவு அப்படியே மிஞ்சுகிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்க ஒரு பழைய முயற்சி உதவும். எஃகு உற்பத்தியையே மாற்றிய ஹென்றி பெஸமர் கடல் குமட்டலால் மிகவும் அவதிப்பட்டவர். இங்கிலீஷ் கால்வாயைக் கடக்கத் தம் பெயரிலேயே ஒரு கப்பல் கட்டுவித்தார். அதன் நடுவே ஏறத்தாழ 21 மீட்டர் நீளமுள்ள கூடம். கப்பல் உருளும்போது, ரசமட்டத்தைப் பார்த்தபடி ஒருவர் நீரழுத்த இயந்திரத்தை இயக்கி அந்தக் கூடத்தைச் சமமாக வைத்திருக்க வேண்டும். 1875 மே மாதம் அந்தக் கப்பல் கலே துறைமுகத்தில் மோதியது. முயற்சி அத்தோடு முடங்கிற்று. ஆனால் மோதாமல் இருந்திருந்தாலும் குமட்டல் தீர்ந்திருக்காது. சாயாமல் நிற்கும் கூடமும் அலை தூக்கும்போது கப்பலோடு சேர்ந்து ஏறத்தான் வேண்டும். அவருடைய ஏற்பாட்டில் உண்மையில் பயன் தரக்கூடியதாக இருந்தது, கூடத்தைக் கப்பலின் நடுவில் வைத்ததுதான்.

ஜன்னலைப் பற்றிய வாதம் வலுவானது. அடிவானத்தைப் பார்த்தால் பலருக்குக் குமட்டல் தணிகிறது. கண்ணுக்கும் காதுக்கும் ஒரே செய்தி கிடைப்பதே காரணம். ஆனால் பார்வையற்றவர்களுக்கும் கடல் குமட்டல் வருகிறது, ஆகவே பார்வை துணைக்காரணமே. தவிர, அறையில் நாம் கழிக்கும் நேரத்தில் பெரும்பகுதி இரவு. அப்போது அடிவானம் தெரிவதில்லை. பகலில் அடிவானம் வேண்டுமென்றால் திறந்த தளத்தின் நடுப்பகுதிக்குப் போய்விடலாம், அங்கே காற்றும் கிடைக்கும். ஜன்னல் இல்லாத உள் அறைக்கு ஒரு நன்மையும் இருக்கிறது: உருளும்போது ஓரத்து அறைகள் ஏறி இறங்கும், நடுக்கோட்டை ஒட்டிய அறைகள் அவ்வளவாக அசைவதில்லை. படுத்துக் கண்ணை மூடிக்கொள்ள விலை குறைந்த அந்த அறையே மேல். அடைத்த அறையில் மூச்சு முட்டுகிறவர்கள் மட்டும் நடுப்பகுதியிலேயே ஜன்னல் அறையைத் தேட வேண்டும்.

மாத்திரை இருக்கும்போது இவ்வளவு யோசனை எதற்கு என்று கேட்கலாம். மாத்திரை உதவும், ஆனால் குமட்டல் தொடங்கும் முன்பே போட வேண்டும். பெரும்பாலான மாத்திரைகள் தூக்கக் கலக்கம் தரும். கண் அழுத்த நோயோ புராஸ்டேட் தொல்லையோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும் என்பதும் உண்மை. நீண்ட பயணத்தில் அது பெரிய ஆறுதல். இரண்டு இரவுப் பயணத்திலோ பழகி முடிக்கும்போது கரை வந்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்து வங்காள விரிகுடாவில் முதல் இரவே கடுமையாக இருக்கலாம். பதிவு செய்யும்போது தளவரைபடத்தைக் கேட்டு வாங்கி, அணியத்துக்கும் பின்முனைக்கும் நடுவே விரல் வைத்து, அதை ஒட்டிய அறை எண்ணைக் குறித்துக் கொடுக்க வேண்டும். அறை எண்ணைக் கப்பல் நிறுவனமே பிறகு ஒதுக்கும் மலிவுக் கட்டணங்களும் உண்டு. அதற்கு ஒத்துக்கொண்டால் எந்த முனையில் வேண்டுமானாலும் போட்டுவிடுவார்கள். குமட்டல் உள்ளவர் அதில் சேமிக்கும் பணத்தை அந்த முதல் இரவிலேயே இழந்துவிடுவார்.